வேகமும் வெப்பமும்

கணிப்பொறியைக் கடையிற் பெற்றவாறே பயன்படுத்துவோர் பலர். அதன் உறுப்புக்களைத் தனித்தனியே தேர்ந்து வாங்கித் தம் கையால் இணைத்து, செய்தோர் குறித்த அளவிற்கு மேல் அதன் வேகத்தை உயர்த்தி, அதனால் எழும் வெப்பத்தை நீரால் தணித்து, விளையாட்டிற்குப் பயன்படுத்துவோர் சிலர். வேகத்தை இங்ஙனம் உயர்த்துதலை ஓவர்கிளாக்கிங் என்பர். இதனைப் பெருந்திறம் என்பாரும் உளர். வீண் செலவு என்பாரும் உளர். இவற்றுள் எது பொருந்தும் என்பது வெப்பத்தின் இயல்பை அறிந்த பின்னரே துணியத்தகும். ஆதலின், வேகம் வெப்பமாகும் வகையும், நீரின் தொழிலும், அமைக்கும் முறையும், அதன் எல்லையும் பயனும் ஈண்டு முறையே ஆராயப்படும்.

பிராசஸர் என வழங்கும் செயலியினுள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை ஒரு கடிகாரத் துடிப்பிற்கு இயைந்து தொழில் செய்கின்றன. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு நூறு கோடித் துடிப்பாம். டிரான்சிஸ்டர் நிலைமாறுந்தோறும் சிறிதளவு மின்னேற்றம் நிரம்பி வடிகின்றது. அவ்வாற்றல் முழுதும் வெப்பமாகின்றது. இவ்வெப்பம் துடிப்பின் விரைவிற்கு நேராகவும், மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேராகவும் உயரும். துடிப்பு விரையுங்கால், அடுத்த துடிப்பிற்குள் நிலைமாற்றம் முடிதற்பொருட்டு மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியதாகும். விரைவை 10 விழுக்காடும் மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் உயர்த்தினால், 1.1ஐ மும்முறை பெருக்க 1.331 வரும். 150 வாட் வெப்பம் ஏறக்குறைய 200 வாட் ஆகும். பெற்ற வேகம் பத்தில் ஒரு பங்கு. ஏற்ற வெப்பமோ மூன்றில் ஒரு பங்கு.

முற்காலத்தே இவ்வாணிகம் இலாபமாகவே இருந்தது. 1998-இல் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் செயலி 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்திற்கெனக் குறிக்கப்பட்டது. தாய்ப்பலகையின் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றிய அளவில், அவற்றுட் பல 450 மெகாஹெர்ட்ஸில் இனிது இயங்கின. ஆயின் வெப்பம் விரைவில் மதிலாக நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலியை வெளியிடும் எண்ணத்தை அந்நிறுவனத்தாரே 2004-இல் கைவிட்டனர். பின்னர் ஒரே சில்லில் பல கருக்களை அமைக்கும் வழி பெருகியது. இற்றைநாட் செயலிகள் வெப்பம் இடங்கொடுக்கும் அளவிற்குத் தம் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. ஆதலின் நம் கைக்கு எஞ்சும் மிச்சம் சிறிதே.

இனி நீரின் தொழிலை நோக்குவாம். நீர் வெப்பத்தை அழிப்பதன்று. சுமந்து செல்வதே அதன் தொழில். ஒரே கன அளவுள்ள காற்றினும் நீர் ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கவல்லது. செயலியின் மேல் வெப்பப் பசை பூசி, உள்ளே நுண்ணிய தகடுகள் செறிந்த செப்புக் கட்டி ஒன்றைப் பொருத்துவர். பம்பு செலுத்தும் நீர் அக்கட்டியினூடே சென்று, குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, விசிறிகள் வீசுங் காற்றிற்கு வெப்பத்தைக் கொடுத்து மீளும். கிராபிக்ஸ் கார்டிற்கும் இத்தகைய கட்டி உண்டு. செயலி 200 வாட்டும், கிராபிக்ஸ் கார்டு 300 வாட்டும் வெப்பம் தருவதாகவும், நிமிடத்திற்கு ஒரு லிட்டர் நீர் ஓடுவதாகவும் கொள்வோம். ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி உயர 4.18 ஜூல் வேண்டுமாதலின், ஒரு சுற்றில் நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரியே உயரும். ஓட்டம் மிகுந்தால் இவ்வுயர்வும் குறையும். எனவே எவ்வுறுப்பிற்கு நீர் முதலிற் செல்லுகின்றது என்பது பெரிதன்று. ரேடியேட்டரின் பரப்பே பெரிது.

மற்றொன்றும் உளங்கொளத்தக்கது. இம்முறையில் நீர் ஒருகாலும் அறைக்காற்றினும் குளிர்ந்து நில்லாது. அறை 20 டிகிரியாக இருக்கும் குளிர்நாட்டிற் செய்த சோதனையைப் படித்து, 35 டிகிரியாக இருக்கும் நம் கோடையறையில் அதே பயனை எதிர்பார்த்தல் தகாது. அப்பதினைந்து டிகிரியும் பெரும்பாலும் அவ்வாறே செயலியின் மேல் ஏறும். அன்றியும், அந்த 500 வாட்டும் இறுதியில் அறையினுள்ளேயே வந்து சேரும்.

அமைக்கும் முறையிற் சில விதிகள் தவறாது போற்றத்தக்கன. முதலாவது, செம்பும் அலுமினியமும் ஒரே நீரோட்டத்திற் கலத்தலாகாது. கலப்பின் மின்வேதி அரிப்பால் அலுமினியம் கரையும். இரண்டாவது, குழாய்நீர் உப்புப் படியச் செய்யுமாதலின், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்த வாலைவடிநீரே வேண்டும். மூன்றாவது, பம்பு நீரின்றிச் சுழன்றாற் கெடும். ஆதலின் நீர்த்தொட்டி அதற்கு மேலாக அமைதல் வேண்டும். நான்காவது, ஏனைய உறுப்புக்களுக்கு மின்சாரம் கொடாது பம்பை மட்டும் பல மணி நேரம் ஓட்டி, இணைப்புக்களின் கீழ் வெண்டாளை விரித்துக் கசிவு உண்டா என்று காணல் வேண்டும்.

வேகத்தை உயர்த்துதலும் படிப்படியே நிகழற்பாலது. இயல்பான நிலையில் வெப்பத்தையும் வேகத்தையும் முதற்கண் அளந்து எழுதிக்கொள்க. பின் 100 மெகாஹெர்ட்ஸ் உயர்த்திக் கடுஞ்சோதனை நிகழ்த்துக. பிழை தோன்றின் ஒரு படி இறங்குக. இயக்கம் நின்றுபோவது சிறு தீங்கே. நில்லாது தவறான விடை தருவதே பெருந்தீங்கு. அது கோப்புக்களை ஓசையின்றிக் கெடுத்துவிடும்.

இனி எல்லை. 2011-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் எப்.எக்ஸ்-8150 என்னும் செயலி நீர்ம ஹீலியத்தாற் குளிர்விக்கப்பட்டு 8.429 கிகாஹெர்ட்ஸ் எட்டியது. அது சாதனைக்கன்றி நாளும் விளையாடுதற்கு உரியதன்று. மிகுந்த மின்னழுத்தமும் வெப்பமும் சில்லினுள் உள்ள நுண்கம்பிகளின் அணுக்களை மெல்ல இடம்பெயர்த்து அதன் வாழ்நாளைக் குறைக்கும். 2024-இல் இன்டெல் நிறுவனத்தார், தம் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகளிற் சில நிலைகுலைந்தமைக்கு மிகை மின்னழுத்தமும் காரணம் எனக் கண்டு, திருத்தம் வெளியிட்டனர். படைத்தோர்க்கே எல்லை தவறுமாயின் நாம் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்! வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் கொண்டு விளக்கிய உண்மை இதுவே.

அற்றேல் இம்முயற்சியாற் பயன் யாது எனின், கூறுவாம். பல விளையாட்டுக்களின் விரைவு கிராபிக்ஸ் கார்டின் ஆற்றலையே சார்ந்ததாகலின், செயலியின் வேகத்தைப் பத்து விழுக்காடு உயர்த்தியது கண்ணிற்குப் புலனாகாமலும் போகலாம். பெரும்பாலோர்க்கு நல்லதொரு காற்றுக் குளிர்விப்பானே போதும். நீரமைப்பின் மெய்யான பயன், பரந்த ரேடியேட்டரின் மேல் விசிறிகள் மெல்லச் சுழலுதலால் ஓசை குறைதலும், மிக்க வெப்பந்தரும் கிராபிக்ஸ் கார்டு நெடுநேரம் தளராதிருத்தலுமே. பொருள் குறைந்த மாணவர்க்கு மேற்கூறிய கணக்கே மறுதலையான ஒரு வழியைக் காட்டுகின்றது. வேகத்தை மாற்றாது, சில்லு இடங்கொடுக்குமாயின், மின்னழுத்தத்தை மட்டும் 10 விழுக்காடு குறைத்தால் 0.9ஐ இருமுறை பெருக்க 0.81 வரும், வெப்பம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். இதற்குச் செலவு ஒரு காசுமில்லை. பொறுமையான சோதனை ஒன்றே வேண்டும். வெப்பமிக்க நம் நாட்டிற்கு இதுவே சிறந்த கலை என்பது எம் துணிபு.

எனவே நீர்க்குளிர்விப்பு வீணும் அன்று, மாயமும் அன்று. கோபுரங் கட்டப் புகுவோனைப் பற்றிய உவமை நம் மாணவர் அறிந்ததே. கையிலுள்ள பொருள் எத்துணையாயினும் அதற்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர் நாம். உறுப்புக்களை வாங்குமுன் வாட்டையும் டிகிரியையும் ஒரு தாளிற் கணக்கிடுவோமாக. அக்கணக்கு வேண்டும் என்று கூறின் கட்டுவோமாக. வேண்டா என்று கூறின் மகிழ்ந்து விடுவோமாக.