சட்டைப் பைக்கு ஒரு பேனாக்கத்தி

மளிகைக் கடையைத் திறந்ததும் நாம் செய்கிற முதல் வேலை கட்டுப் பிரிப்பது. அரிசி மூட்டையின் தையல், அட்டைப் பெட்டியின் ஒட்டு நாடா, பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டை, வெல்லச் சிப்பத்தின் சணல் என்று எதைத் தொட்டாலும் வெட்ட வேண்டியிருக்கிறது. நாள் ஒன்றுக்கு இருபது முப்பது தடவை செய்கிற இந்த வேலைக்கு நம்மில் பலர் வைத்திருக்கும் கருவி என்ன? பாதியாக ஒடித்த சவர பிளேடு. அதுவும் இல்லாவிட்டால் சாவி, சில சமயம் பல். தராசை ஆயிரம் யோசித்து வாங்குகிற நாம் கத்தியைப் பற்றி யோசிப்பதே இல்லை. இந்த மாதப் பாடத்தில் அதைக் கொஞ்சம் யோசிப்போம்.

அரை பிளேடில் என்ன கெடுதல்?

அரை பிளேடுக்குப் பிடி கிடையாது. வழுக்கினால் முதலில் அறுபடுவது பிடித்திருக்கும் விரல்தான். அதைவிடப் பெரிய கெடுதல், அது எளிதில் ஒடிவது. ஒடிந்த துணுக்கு சர்க்கரையிலோ ரவையிலோ விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தையின் வாய்க்குப் போன பிறகுதான் தெரியும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 54-ஆம் பிரிவுப்படி, அயல்பொருள் கலந்த உணவை விற்றால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தைக் கட்டிவிடலாம், தெருவில் போன பெயரை எங்கே போய் வாங்குவது?

நுனியை ஒடித்து ஒடித்துப் புதுமுனை எடுக்கும் அட்டை வெட்டும் கத்தியும் நம் கடைகளில் அதிகம். 1956-இல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா என்பவர் கண்டுபிடித்த வகை அது. காகிதக் கடைக்கும் துணிக்கடைக்கும் அது நல்ல கருவி. ஒடித்துப் போடுவதற்கென்றே செய்த அலகு என்பதால், பருப்பும் மாவும் திறந்து கிடக்கும் இடத்தில் அது வேண்டாம். வைத்தே ஆகவேண்டும் என்றால் கிடங்கோடு நிறுத்திக்கொண்டு, ஒடித்த துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

நமக்கு வேண்டியது திருப்பாச்சேத்தி அரிவாள் அல்ல. தையல் நூலையும் ஒட்டு நாடாவையும் வெட்ட 4 செ.மீ. அலகு தாராளம். தடித்த அட்டையும் கயிறும் அதிகம் வெட்டும் மொத்த வியாபாரிக்கு 6 முதல் 7 செ.மீ. வரை போதும். அதற்கு மேல் நீளம் கூடினால் உபயோகம் கூடாது. கனமும் பிறர் பார்வையும்தான் கூடும்.

பிறர் பார்வை என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பெண்களும் பிள்ளைகளும் வந்து நிற்கும் கடை நம்முடையது. கல்லாவில் உட்கார்ந்து நீளக் கத்தியை விரித்தால் எதிரே நிற்பவர் மனம் ஒரு நொடி துணுக்குறும். சின்னப் பேனாக்கத்தியை எடுத்தால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1884-இல் தொடங்கிய பட்டறையே இன்றைய விக்டோரினாக்ஸ். 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய அந்தக் கம்பெனியின் மிகச் சிறிய வகைகளில் ஒன்று, மடக்கினால் 58 மி.மீ. நீளமே இருக்கும், எடை இருபது கிராம் அளவு. அதற்குள் ஓர் அலகு, ஒரு சிறு கத்தரிக்கோல், நக அரம், முள்வாங்கி எல்லாம் அடக்கம். சாவிக் கொத்திலோ, சட்டைப் பையிலோ, வியாபாரம் செய்யும் பெண்களின் சுருக்குப் பையிலோ இருப்பதே தெரியாது. அந்தக் கம்பெனிதான் வேண்டும் என்பதில்லை. அளவுக்கு ஓர் உதாரணமாகச் சொல்கிறோம்.

எந்த எஃகு?

கத்தி எஃகை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கார்பன் எஃகு நன்றாகக் கூர் ஏறும், சாணைக்கல்லில் சீக்கிரம் தீரும். ஆனால் உப்பும் புளியும் ஈரமும் பட்டால் துருப்பிடித்துவிடும். குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு, தீட்டக் கொஞ்சம் நேரம் எடுத்தாலும் துருவைத் தாங்கும். கல்லுப்பும் புளியும் புழங்கும் மளிகைக் கடைக்கு, அதுவும் கடலோர ஊர்களில், இரண்டாவது வகையே ஏற்றது. துருப்பிடிக்காதது என்றாலும் உப்பு ஒட்டியபடி மடக்கி வைத்தால் கீல் பகுதியில் துரு வரத்தான் செய்யும்.

பூட்டு வேண்டுமா?

சாதாரண பேனாக்கத்தியின் அலகை ஒரு வில்தகடு மட்டுமே விரித்து நிறுத்துகிறது. கீழ்நோக்கி இழுத்து வெட்டும்போது அது நன்றாக நிற்கும். நுனியால் குத்தினாலோ, அலகின் முதுகில் அழுத்தம் பட்டாலோ மடங்கி விரலில் விழும். பூட்டுள்ள கத்தி அப்படி மடங்காது. பிடியின் முதுகில் அழுத்தினால் விடுபடும் பூட்டு ஒரு வகை. பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் வந்து தாங்குவது இன்னொரு வகை. பிரான்சின் சவாய் மலைப் பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு 1955-இல் ஒரு வளையம் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு நின்றுவிடும்.

நூலும் நாடாவும் மட்டும் வெட்டுவோருக்குப் பூட்டில்லாத சிறு கத்தி போதும். தடித்த பட்டையும் கயிறும் அறுப்போர் பூட்டுள்ளதை வாங்குவது விரலுக்கு நல்லது. பொத்தானை அழுத்தினால் துள்ளித் திறக்கும் கத்தி மட்டும் நமக்கு வேண்டவே வேண்டாம். காரணத்தைச் சட்டப் பகுதியில் பார்ப்போம்.

பல உபயோகக் கருவி யாருக்கு?

குறடு, திருப்புளி, அரம், கத்தி எல்லாம் மடங்கிய ஒரே கருவியை அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கம்பிக் கட்டு முறுக்கு, தராசின் திருகாணி, ஷட்டர் பூட்டின் தளர்ந்த மறை எல்லாவற்றுக்கும் உதவும். ஆனால் முழு அளவுக் கருவி 200 கிராமுக்கு மேல் எடை இருக்கும். மெல்லிய பருத்திச் சட்டையின் பையில் போட்டால் சட்டை தொங்கும். வேட்டி மடிப்பில் வைத்தால் நழுவும். நம் யோசனை இதுதான்: பெரிய கருவி கிடங்கிலோ வண்டியிலோ இருக்கட்டும், உடம்போடு இருப்பது சின்னதாக இருக்கட்டும். பாக்கெட்டுகளை அதிகம் வெட்டும் சில்லறைக் கடைக்காரருக்குக் கத்தரிக்கோல் உள்ள சிறு வகை, குறடு உள்ள பெரிய வகையைவிட அதிகம் உதவும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கத்திக் கடையில் நாம் வியாபாரி அல்ல, வாடிக்கையாளர். நம்மிடம் வருகிறவர் துவரம்பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பது போல நாமும் பார்க்க வேண்டும்.

1. அலகை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கூடாது.

2. மடக்கிய நிலையில் அலகு பிடியின் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் வைத்துவிடுங்கள்.

3. விரியும்போதும் மடங்கும்போதும் ‘டக்’ என்று உட்கார வேண்டும். சோம்பலாக மடங்கும் வில் சீக்கிரம் தளரும்.

4. நகத்தால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். கை ஈரமாக இருக்கும்போதும் திறந்தாக வேண்டும்.

5. ஒரு தாளைத் தொங்கவிட்டு வெட்டுங்கள். கிழியாமல் சீராக வெட்டினால் கூர் சரி.

6. பில் கேளுங்கள். சிவப்புப் பிடியில் சிலுவை போட்ட போலிகள் நடைபாதையில் ஏராளம். பில்லைக் கேட்டதும் விலை மாறினால் சரக்கும் மாறியிருக்கிறது என்று பொருள்.

சட்டம் சொல்வது

படைக்கலச் சட்டம், 1959-இன் கீழுள்ள விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுத வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கென்று செய்தவை அதில் சேரா. நாம் பேசும் பேனாக்கத்தி அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் சில பகுதிகளுக்குத் தனி அறிவிக்கைகள் உண்டு. தில்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பொத்தான், வில் போன்ற விசையால் திறக்கும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் இருந்தால் கட்டுப்பாட்டுக்குள் வரும். கொள்முதலுக்கு வடக்கே போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது. சரக்கில் போடும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். சாவிக் கொத்தில் மாட்டியதை மறந்து விமான நிலையத்தில் பறிகொடுப்பவர்கள் உண்டு. நீதிமன்றம், அரசு அலுவலகம், கோயில் என்று சோதனை நடக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் கத்தியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் நிம்மதி.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. சில்லறைத் தகராறிலோ கடன் பாக்கி வாக்குவாதத்திலோ கையில் கத்தி இருக்கவே கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவு, வெட்டும் கருவியால் வேண்டுமென்று காயம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. சிறு காயத்துக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. வெறும் தள்ளுமுள்ளு, கையில் கத்தி இருந்த ஒரே காரணத்தால் பெரிய வழக்காகிவிடும். பேச்சு தடித்தால் முதலில் கத்தியை மடக்கிப் பைக்குள் போடுங்கள். இந்தக் கத்தி தற்காப்புக்கு அல்ல, கட்டுப் பிரிக்க.

உபயோகிக்கும் முறை

மூட்டைத் தையலை நடுவில் வெட்டாதீர்கள். அது சங்கிலித் தையல். முடியும் முனையில் உள்ள நூலை மட்டும் வெட்டி, முதல் கண்ணியைத் தளர்த்தி இழுத்தால் முழு வரிசையும் தானே அவிழும். எதிர் முனையில் இழுத்தால் இறுகும். இப்படிப் பிரித்தால் சாக்கு கிழியாது. காலிச் சாக்குக்கும் விலை உண்டல்லவா? நூல் துண்டும் அரிசியில் விழாது.

அட்டைப் பெட்டியில் நுனி மட்டும் அரை செ.மீ. இறங்கினால் போதும். ஆழமாக இறக்கினால் உள்ளே இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டும் சோப்புத் தூள் பாக்கெட்டும் சேர்ந்து கிழியும். கிழிந்தது யார் கணக்கு? நம் கணக்குத்தான். இறுக்கிய பிளாஸ்டிக் பட்டை வெட்டியதும் துள்ளும். முகத்தை விலக்கி, மறு கையால் பட்டையை அமுக்கிக்கொண்டு வெட்டுங்கள். எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கமாக வெட்ட வேண்டும்.

சரக்கின் மாதிரி பார்க்கக் குத்தூசி இருக்கிறது. எண்ணெய் டின்னைத் திறக்கத் தனிக் கருவி இருக்கிறது. அந்த வேலைகளைப் பேனாக்கத்தியிடம் கொடுத்தால் நுனி ஒடியும். சாக்கும் சோப்புப் பெட்டியும் வெட்டிய கத்தியால் வெண்ணெயையோ ரொட்டியையோ வெட்டக் கூடாது. சாப்பிடும் பொருளுக்குத் தனிக் கத்தி வைத்துக் கழுவி உபயோகியுங்கள்.

வேலையாளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதலாளியின் பையில் நல்ல கத்தியும், மூட்டை பிரிக்கிற தம்பியின் கையில் அரை பிளேடும் இருந்தால் இந்தப் பாடத்தால் பயனில்லை. நாள் முழுவதும் வெட்டுவது அவர்தான்.

தவறி வெட்டிக்கொண்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கையை உயர்த்திப் பிடியுங்கள். கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறதே என்று காப்பித் தூளையும் மஞ்சள் தூளையும் காயத்தில் அப்ப வேண்டாம். ஆழமான காயமென்றால் மருத்துவரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஒட்டு நாடாவின் பசை அலகில் படிந்தால் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும். மழுங்கினால் கல்லில் 20 பாகை அளவு சாய்த்து, இரு பக்கமும் சமமாகத் தீட்டுங்கள். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். சின்ன அலகு சீக்கிரம் தேய்ந்தும்விடும். மழுங்கிய கத்திதான் ஆபத்தானது. வெட்டாததால் அதிகம் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும்.

நம்மை நாமே கேட்டுக்கொள்ள

இன்று கடையை அடைக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்போம். நம் கடையில் எத்தனை அரை பிளேடுகள் எங்கெங்கே கிடக்கின்றன? சென்ற மாதம் பெட்டி பிரிக்கும்போது கிழிந்த பாக்கெட்டுகளின் விலை எவ்வளவு? வேலையாட்களின் விரல்களில் எத்தனை கட்டு இருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை எழுதினாலே ஒரு நல்ல பேனாக்கத்தியின் விலை செலவா, முதலீடா என்பது விளங்கிவிடும்.