டேங்கர் ஏறப்போகும் மருமகனுக்கு

மாத்தூர்

அன்புள்ள மருமகனுக்கு,

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, இந்த உர சீசனிலேயே டேங்கர் ஓட்டப் போகலாமா என்று கேட்டிருந்தாய். போகலாம், ஆனால் ஒரே தாவலாகத் தாவ வேண்டாம். டேங்கர் ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கைப் படிப்பதற்கு முன்னால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சரக்கைப் படிக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் திரவ உரத்தை டேங்கரிலேயே வயல் வரை கொண்டுபோகிறார்கள். சீசன் ஓட்டுநர்களுக்கென்றே அங்கே தனி லைசென்ஸ் உண்டு. அதை வைத்து 3,000 கேலனுக்கு மேல் கொள்ளும் திரவ உர வண்டியைத் தொடக்கூடாது என்று வரம்பும் கட்டியிருக்கிறார்கள். நம் பக்கம் வயலுக்குப் போவது பெரும்பாலும் மூட்டைதான். மணலியில் 1971 முதல் உற்பத்தி நடக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸின் ‘விஜய்’ யூரியா, 45 கிலோ மூட்டையாகத்தான் கிளம்புகிறது. டேங்கருக்கு வேலை அதற்கு முந்தின கட்டத்தில்: உரம் செய்யத் தேவைப்படும் கந்தக அமிலம், பாஸ்பாரிக் அமிலம், அமோனியா.

வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து குறுவை தொடங்கினால் மூட்டை லாரிகளுக்கு ஓய்வு இருக்காது. சம்பா வரைக்கும் அந்த ஓட்டம் நீளும். உன் முதல் சீசனை அதில் ஓட்டு. லோடு வண்டியின் எடை, ராத்திரிப் பயணம், கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே உள்வட்டச் சாலை எல்லாம் பழகட்டும். அதன்பிறகு டேங்கர்.

அதற்குள் ஒரு வேலையை முடித்துவிடு. அமிலமும் அமோனியாவும் சட்டப்படி அபாயகரமான சரக்கு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9-ஆவது விதிப்படி, அரசு அங்கீகரித்த நிலையத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை லைசென்ஸில் பதிய வேண்டும். பிறகு புதுப்பிக்கும்போதெல்லாம் ஒரு நாள் பயிற்சி உண்டு. வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே தலைவைக்காதே. உயிர் பிழைக்கச் சொல்லித் தருகிற பாடத்தைக் காசு கொடுத்துத் தவறவிடுவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

இனி வண்டிக்கு வருவோம். தண்ணீர் லாரியில் குடம் பிடித்து நீ சுமந்திருக்கிறாய். நிறைகுடம் தளும்பாது, அரைக்குடம்தான் நடக்கிற ஆளை இழுக்கும். டேங்கரும் அப்படித்தான். அப்படியானால் டேங்கை முழுக்க நிரப்பிவிடலாமே என்று தோன்றும். முடியாது. 12,000 லிட்டர் தண்ணீர் 12 டன். அதே 12,000 லிட்டர் அடர் கந்தக அமிலம் 22 டன். அனுமதித்த எடையைத் தாண்டாமல் இருக்க, டேங்கில் இடமிருந்தாலும் பாதியில் நிறுத்த வேண்டிவரும். அமோனியா சூட்டில் விரியும். அதற்கு எப்போதும் மேலே இடம் விட்டே ஆகவேண்டும்.

பிரேக் போட்டால் வண்டி நிற்கும், உள்ளே இருக்கும் திரவம் நிற்காது. முன்பக்கம் மோதி, பின்னால் போய், மறுபடி முன்னால் வரும். சிக்னலில் நின்றுவிட்ட வண்டி உன்னைக் கேட்காமல் முன்னால் உந்தும். அதனால் நின்ற பிறகும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே. டேங்குக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள் முன்பின் அலையை அடக்கும். பக்கவாட்டு அலையை அவ்வளவாக அடக்காது. வளைவில் திரவம் வெளிப்பக்கம் சாய்ந்து வண்டியையும் சேர்த்துச் சாய்க்கப் பார்க்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறை. வளைவுக்குள் போய்ப் பிரேக் போடாதே. 1976 மே 11 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓர் அமோனியா டேங்கர் மேம்பாலச் சரிவுப் பாதையிலிருந்து கீழே விழுந்து பலர் உயிரிழந்தார்கள். அதிக வேகமும், முழுக்க நிரம்பாத டேங்கில் பக்கவாட்டில் பாய்ந்த திரவமும்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. மாதவரம் ரவுண்டானாவில் திரும்பும்போது இதை நினைத்துக்கொள்.

அமோனியா என்ன செய்யும் என்று நம் பக்கத்துச் சனத்துக்குத் தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்தபோது, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சு முட்டி வீட்டைவிட்டு ஓடினார்கள். மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள் அது. வெளியே வந்தால் வெள்ளைப் புகைபோலக் காற்றோடு போகும். கசிந்தால் முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார். ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கமாகப் போ. அக்கம்பக்கத்து ஆட்களையும் அப்படியே அனுப்பு. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் தண்ணீரில் கழுவு.

கந்தக அமிலம் உடம்பில் பட்டாலும் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆனால் டேங்கிலிருந்து கசியும் அமிலத்தின் மேல் நீ தண்ணீர் ஊற்றாதே, கொதித்துத் தெறிக்கும். காலி டேங்க் இன்னும் மோசம். கழுவிய தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போன அமிலம் இரும்பை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அதன்மேல் வெல்டிங் பொறி பட்டால் டேங்க் வெடிக்கும். ஆகவே காலி வண்டிதானே என்று உள்ளே இறங்காதே, பட்டறையில் அவசரப்படுத்தாதே.

டிரிப் கிளம்புமுன் வண்டியைச் சுற்றி வா. மேன்ஹோல் மூடி இறுகியிருக்கிறதா, வால்வு சொட்டுகிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று கையுறை போட்டுத் தொட்டுப் பார். தகவல் பலகையில் சரக்கின் எண் சரியா என்று பார்: அமோனியாவுக்கு 1005, கந்தக அமிலத்துக்கு 1830, பாஸ்பாரிக் அமிலத்துக்கு 1805. போன டிரிப்பின் எண் அப்படியே இருந்தால், விபத்து நடக்கும்போது தீயணைப்புக்காரர்கள் வேறு சரக்கென்று நினைத்து இறங்குவார்கள். சரக்கு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிரெம் கார்டு கேபினில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வேலைக்குச் சேருமுன் பேட்டா எவ்வளவு, டிரிப் கூலி எவ்வளவு, வெயிட்டிங்குக்கு என்ன என்று பேசி எழுதிக்கொள். எடை கூடினாலோ வால்வு ஒழுகினாலோ தூக்கம் போதவில்லை என்றாலோ, “வண்டி எடுக்க மாட்டேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிடு. அதனால் ஒரு டிரிப் போனால் அடுத்த டிரிப் உண்டு. சாலையில் வருகிறவர்களுக்கும் நீ பொறுப்பு என்பதை எந்த முதலாளிக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

இந்த வாரமே பயிற்சி நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடு. முடித்துவிட்டு வீட்டுக்கு வா. மூன்று சரக்கையும் பற்றி கார்டைப் பார்க்காமல் எனக்கு நீ சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், டேங்கர் வேலைக்கு நானே உன்னைக் கூட்டிப்போய்ப் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா