மழைக்கு முன் எலி ஒழிப்பு – மரக்காணம் கரையோர அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

மரக்காணம் கரையில் உப்பளத் தொழில் தை மாதத்தில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை நடைபெறுகின்றது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்குகின்றன. குவித்து வைத்த உப்பு, கீற்று வேய்ந்து மூடப்படுகின்றது. நீரேற்றும் எஞ்சின்கள் கொட்டகைக்குள் போகின்றன. லாரிகளும் டிராக்டர்களும் ஓட்டமின்றி நிற்கின்றன. அதே வாரங்களில்தான் கழுவெளி ஏரியைச் சுற்றியுள்ள நெல் வயல்களில் எலி வளைகளுக்குள் நீர் புகுகின்றது. வளையை இழந்த எலி மேட்டு நிலத்தை நாடுகின்றது. மேட்டில் இருப்பவை யாவை? நம் வீடுகள், தறிக்கூடங்கள், சங்கக் கிடங்கு, அசையாமல் நிற்கும் வண்டி ஆகியவையே. தை பிறந்து எஞ்சினை முடுக்கும்போது ஒயர் அறுபட்டிருப்பதைக் கண்டு நாம் திகைக்கின்றோம். ஆனால் அந்தச் சேதம் ஐப்பசியிலேயே தொடங்கிவிட்டது. ஆகையால் எலி ஒழிப்பு ஆவணியிலும் புரட்டாசியிலும் செய்து முடிக்க வேண்டிய வேலை. அதை ஊர் முழுதும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் எதிரியை இனம் காண்போம். வயல் வரப்பில் வாழ்வது வரப்பெலி. வளை வாயிலில் புது மண்ணைக் குவியலாகத் தள்ளியிருப்பது அதன் அடையாளம். கதிரை அறுத்து வளைக்குள் சேமித்து வைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. புல்லெலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி ஆகியனவும் வயலில் உள்ளவையே. கூரையிலும் தென்னையிலும் பனையிலும் ஏறித் திரிவது வீட்டெலி. சாக்கடை ஓரத்திலும் சுவர் அடியிலும் குடைவது பெருச்சாளி. கடற்கரை வாசிகள் நண்டு வளையை எலி வளையென்று மயங்குவது உண்டு. நண்டு வளையின் வாய் உருண்டையாக, ஈரமாக இருக்கும். சிறு சிறு மண் உருண்டைகள் அருகில் கிடக்கும். எலி வளையில் உதிரி மண் குவிந்திருக்கும். ஐயம் தீர எளிய வழி ஒன்று உண்டு. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணிட்டு அடைத்துவிடுக. மறுநாள் காலையில் எது திறந்திருக்கின்றதோ அதுவே எலி குடியிருக்கும் வளை. மருந்தும் உழைப்பும் அதற்கு மட்டும் போதும்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடிப்பது அதற்குப் பசிக்காக மட்டும் அன்று. பல்லைத் தேய்க்கவும், வழி உண்டாக்கவும், கூட்டுக்குப் பஞ்சு சேர்க்கவும் கடிக்கின்றது. சினையுற்ற எலி மூன்று வாரத்தில் ஈனும். குட்டிகள் மூன்று மாதத்திற்குள் தாமே ஈனும் பருவத்தை அடையும். தீனி மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மிசோ மலைகளில் 1959-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது சான்று. மூங்கில் பூத்து விதை கொட்டியதால் எலிகள் பெருகின. விதை தீர்ந்ததும் அவை வயல்களில் இறங்கின. மக்கள் பஞ்சத்துக்கு ஆளாயினர். நம் கரையில் மூங்கில் காடு இல்லை. ஆயினும் சிந்திய நெல்லும் நிலக்கடலையும், களத்தில் கிடக்கும் வைக்கோலும், குப்பையில் கொட்டிய மீன் கழிவும் எலிக்குத் தீனியாகவும் இடமாகவும் அமைகின்றன.

இனி வண்டியைப் பற்றிக் கூறுவோம். இரவில் ஓடி வந்து நின்ற எஞ்சின் சில மணி நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். மழைக் குளிரில் நனைந்த எலிக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. காற்றுவடிகட்டிப் பெட்டிக்குள் வைக்கோலும் துணிக் கந்தலும் சேர்த்துக் கூடு கட்டுகின்றது; இருக்கைப் பஞ்சைப் பிடுங்குகின்றது; ஒயர்களின் மேலுறையையும் எரிபொருள் குழாயின் ரப்பரையும் கடிக்கின்றது. புது வண்டிகளின் ஒயரில் சோயா மொச்சைப் பொருள் கலந்திருப்பதால்தான் எலி கடிக்கின்றது என்று சிலர் கூறுவர். அமெரிக்காவில் இதன்பேரில் வழக்குகளும் தொடுக்கப்பட்டன. ஆனால் சோயா வருவதற்கு முன்னரும் எலி ஒயரைக் கடித்தே வந்திருக்கின்றது. ஒயர் சேதத்தால் நேரும் செலவு மட்டுமே இதில் பொருட்டன்று. உரை நீங்கிய இரு ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கும்; எரிபொருள் குழாய் கசிந்தால் ஆபத்து இருமடங்கு.

நீண்டநாள் நிறுத்தும் வண்டியை வைக்கோற்போரின் பக்கத்திலும், கீற்றுச் சரிவின் அடியிலும், சவுக்கு விறகுக் குவியலின் ஓரத்திலும் நிறுத்தலாகாது. நாற்புறமும் மூன்று முழம் வெற்றிடம் இருக்கட்டும். வண்டிக்குள் சோற்றுப் பொட்டலமோ, தானியச் சாக்கோ இருக்கக்கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை எஞ்சினை ஓட்டி, வண்டியைச் சற்று இடம் மாற்றுக. முடுக்குமுன் மூடியைத் திறந்து புழுக்கை, கந்தல், புதுக் கடி ஏதேனும் உண்டா எனப் பார்க்க வேண்டும். மாதக் கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுவது தீப்பற்றுவதிலிருந்து காக்கும். காற்றுப் புகும் வாயில்களுக்குக் கால் அங்குலக் கண் கம்பிவலை அடிக்கலாம். ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரச் சத்து ஊட்டிய நாடாவை ஒயர்களில் சுற்றுவதற்கென்றே விற்பனை செய்திருக்கின்றது, கருத்து நல்லதே. புகையிலையும் அந்துருண்டையும் வைப்போர் பலர். மணம் உள்ளவரை சிறிது பயன் தரலாம். மணம் போனபின் எலி அதன் மேலேயே கூடு கட்டுவதும் உண்டு. மண்ணெண்ணெய் தெளிப்பது எலிக்கு முன் வண்டியையே அழிக்கும் யோசனை. காதுக்குக் கேட்காத ஒலியெழுப்பும் கருவிகளைப் பெரும் விலைக்கு வாங்க வேண்டா என்றே நாம் சொல்வோம். அமெரிக்க வணிக ஆணையம் 2001-ஆம் ஆண்டிலேயே அவ்வகைக் கருவிகளின் உற்பத்தியாளர் பலருக்கு, உறுதியான சான்றின்றி விளம்பரம் செய்யலாகாது என்று எச்சரிக்கை அனுப்பியது.

வீட்டிலும் கிடங்கிலும் முதல் வேலை வாயிலை அடைப்பது. விரல் நுழையும் துளை எலிக் குட்டிக்குப் போதும். அதனினும் குறுகிய துளையில் சுண்டெலி நுழையும். உள்நாட்டில் எழுதப்படும் நூல்கள் துளையில் இரும்புக் கம்பிச் சுருளைத் திணிக்கச் சொல்கின்றன. உப்புக் காற்று வீசும் நம் கரையில் அது வெகு விரைவில் துருவேறி உதிரும். உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டுக் கலவையில் சேர்த்து அடைப்பதே இங்கு நிலைக்கும். இரும்பு எலிப்பொறியும் அவ்வாறே. விசை துருப்பிடித்து இறுகினால், எலி தீனியைத் தின்றுவிட்டுப் போகும், பொறி விழாது. வாரம் ஒருமுறை எண்ணெயிட வேண்டும். இன்றேல் மரப்பெட்டிப் பொறியே மேல். கதவின் அடிப்புறத்தில் தகரம் அடிப்போர் ஆண்டுதோறும் அதைத் தட்டிப் பார்ப்பது நலம். கூரையைத் தொடும் தென்னை மட்டையை வெட்டிவிடுக. மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி அகலத் தகரத்தைச் சுற்றினால் வீட்டெலி ஏறாது. கிடங்கில் சாக்குகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்கி, சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஆள் நடக்கும் இடம் விட வேண்டும். அந்த இடத்தில் புழுக்கையைக் கண்டதும் எலி வந்திருப்பது தெரியவரும். சுவரோடு ஒட்டிய அடுக்கில் சாக்கு கிழிந்த பிறகே தெரியும்.

நெசவாளர்க்குத் தனியே ஒரு சொல். பாவுக்கு இடும் கஞ்சி அரிசிச் சோற்றின் சாறுதானே! எலிக்கு அது விருந்து. கஞ்சி தோய்ந்த பாவை இரவில் தறியிலேயே விட நேர்ந்தால், தறிக்குழியின் மண்சுவரில் வளை உள்ளதா என்று அன்றாடம் பார்க்க வேண்டும். நூல் சிட்டங்களை மூடியுள்ள தகரப் பெட்டியில் வைக்க வேண்டும். ஓரிடத்தில் நூறு இழை அறுந்தால் அதை முடிபோட ஒரு நாள் கூலி போய்விடும்.

உப்பளத்தில் எலி உப்பைத் தின்பதற்கு வருவதில்லை. புல்லும் சீமைக்கருவேலும் மண்டிய அகன்ற வெளிக்கரைகளில் குடியிருக்கவே வருகின்றது. கரையில் விழுந்த ஒரு துளை எவ்வளவு இழப்பைத் தரும் என்பதை அளத்தார் அறிவர். கடல்நீர் போமே அளவில் மூன்று பாகை அளவே இருக்கும். உப்பு படிவது ஏறத்தாழ இருபத்தைந்து பாகையில். பல நாள் வெயிலில் முற்றிய நீர் ஓரிரவில் துளை வழியே வடிந்தால், அத்தனை நாள் வெயிலும் வீணே. கரையின் புதரை வெட்டி, மழைக்கு முன் வளைகளைத் தோண்டி மண் திமிசு போட்டு இறுக்குவது கரைக்கும் நல்லது. வயல் வரப்புகளையும் அகலமாகப் போடாமல் ஓரடி உயரம், ஒன்றரை அடி அகலத்தில் அமைத்தால் எலிக்குக் குடைய இடம் குறையும்.

எலியால் வரும் காய்ச்சலையும் மறக்கலாகாது. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள வெடிப்பு வழியாக உடலுள் புகுந்து எலிக்காய்ச்சலைத் தருகின்றது. முற்றிய உப்பு நீரில் அக்கிருமி வாழ்வது கடினம். மழையில் தேங்கும் நன்னீர்க் குட்டையிலும் வயற்சேற்றிலும் அது நெடுநாள் தங்கும். உப்பு வேலையால் பாதம் வெடித்தவர்கள் மழைக்காலத்தில் வயலில் இறங்குவதால் இது நமக்கு முதன்மையான செய்தி. கடுங்காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேற்றில் வேலை செய்ததைச் சொல்லி மருத்துவம் பெறுக. தாமதித்தால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கேடும் நேரும்.

நச்சு மருந்தைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் கேட்டதும் பலர் முதலில் வாங்குவது அதுவே. மஞ்சள் பாஸ்பரஸ் பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்று மருந்து இல்லை. எவரேனும் விற்றாலும் வாங்கலாகாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை நச்சுவாயுவை எழுப்புவது. அதற்கும் மாற்று மருந்து இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியால் இரு குழந்தைகள் இறந்தனர். வீட்டிலோ வீட்டை அடுத்த வளையிலோ அவ்வகை மருந்துக்கு இடமே இல்லை. வயலில் பயன்படுத்தும் துத்தநாக பாஸ்பைடும் ஈரம் பட்டால் அதே வாயுவைக் கக்குவது. ஈரக் காற்றுள்ள நம் கரையில் கலந்து வைத்த தீனியைச் சேமிக்கலாகாது. எலி புதிய தீனியை அஞ்சும் இயல்புடையது; ஆகவே இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத பொரியையோ கருவாட்டையோ வைத்துப் பழக்கி, பின்னரே நாற்பத்தொன்பது பங்கு தீனிக்கு ஒரு பங்கு மருந்து சேர்க்க வேண்டும். புரோமடையலோன் கட்டி மெல்லக் கொல்வதால் எலி ஐயுறுவதில்லை. அதற்கு வைட்டமின் கே மாற்று மருந்து உண்டு. ஆனால் அதைத் தின்ற எலியைப் பிடித்த கூகையும் சாகக்கூடும். கூகை நமக்குக் கூலியின்றி எலி பிடிக்கும் பறவை. வயலில் குறுக்குக் கம்பு நட்டு அது அமர இடம் தருவதே அறிவுடைமை. எலிக்கு மின்கம்பி கட்டுவது சட்டப்படி குற்றம். அதனால் மாண்டவர்கள் பெரும்பாலும் பக்கத்து வயல்காரரும் கட்டியவரின் வீட்டாருமே.

நஞ்சைவிட நம்பத்தக்க வழி நம் பக்கத்திலேயே இருக்கின்றது. இருளர் மக்கள் வளையைப் பார்த்த மாத்திரத்தில் எலி உள்ளே உண்டா, எத்தனை வாயில் என்று கூறுவர். வாயில்களை அடைத்து, மண்பானையில் வைக்கோல் புகையூட்டி, தோண்டி எலியைப் பிடிப்பர். வளையில் எலி சேர்த்த நெல்லும் அவர்க்குக் கிடைக்கும். பாம்பு இருந்தாலும் அவர்க்கு அதை எடுக்கத் தெரியும். இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வடநெம்மேலியில், 1978-ஆம் ஆண்டில் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கின்றது. இருளரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவிற்குச் சென்று மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். அவர்களது திறமையை அயல்நாடு கூலி கொடுத்து அழைக்க, நாம் கடையில் நஞ்சு வாங்குகின்றோம். பானையை வாயால் ஊதுவதால் நெஞ்சில் புகையும் கையில் தீப்புண்ணும் உண்டாகும். கையால் சுழற்றும் எஃகுப் புகைக்கருவி அதற்காகவே செய்யப்பட்டது. அத்திட்டத்துக்கு 2003-இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. வரவழைக்கும் சங்கம் அத்தகைய கருவியை வாங்கிக் கொடுப்பது நியாயம்.

கூலியை எவ்வாறு கணக்கிடுவது? வாலுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டா. 1902-இல் வியத்நாமின் ஹனோய் நகரில் பிரெஞ்சு அரசினர் வாலுக்குக் காசு கொடுத்தனர். மக்கள் வாலை அறுத்துக்கொண்டு எலியை மீண்டும் பெருக விட்டனர். சிலர் எலி வளர்க்கவும் தொடங்கினர்! நாள் கூலியாகவோ, சுத்தம் செய்த ஏக்கர் கணக்கிலோ கொடுப்பதே முறை. மறுநாள் திறந்திருக்கும் வளைகளை எண்ணினால் வேலையின் தரம் தெரிந்துவிடும்.

ஒருவர் மட்டும் தம் வீட்டை எலியற்றதாக்கினால், அடுத்த வீட்டு எலி அந்த வெற்றிடத்திற்கு வந்துவிடும். ஆகவே ஆவணி மாதக் கூட்டத்திலேயே ஒரு வாரத்தைக் குறித்து, உப்பள வெளிக்கரை, வயல் வரப்பு, சவுக்குத் தோப்பு, தெரு என்று பகுதி பகுதியாக அங்கத்தினர் பொறுப்பேற்க வேண்டும். கூலிக்கும் கருவிக்கும் ஆகும் தொகையை ஏக்கர், வீடு, வண்டி ஆகியவற்றின் எண்ணிக்கைப்படி பகிர்ந்துகொள்ளலாம். மருந்து வாங்க நேரிடின், அது காரியதரிசியின் பூட்டில் இருக்கட்டும். எவருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்வளவு திரும்பியது என்று பதிவேட்டில் எழுதுக. வைத்த தீனியில் எஞ்சியதை மறுநாள் விடியுமுன் எடுத்து, செத்த எலிகளோடு சேர்த்து இரண்டடிக் குழியில் புதைத்துவிடுக. ஆடு, கோழி, நாய் அவ்விடத்தை அண்டாதபடி பிள்ளைகளைக் காவல் வைப்பதற்குப் பதில் முள்ளை வெட்டிப் போடுக.