குட்டி யானைக்குப் பின்பக்கமும் டிஸ்க் போடலாமா?

கொல்லிமலையில் அன்னாசி ஏற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும் மினி லாரிக்காரர்களுக்கு ஒரு ஆசை உண்டு: முன்னால் இருப்பதுபோல் பின்னாலும் டிஸ்க் பிரேக் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் எங்கள் வீட்டு மினி லாரிக்கும் அந்தப் பேச்சு வந்தது. ஒரு பட்டறையில் விலைகூடச் சொல்லிவிட்டார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகு தெரிந்துகொண்டவை இவை.

1. பெடல் ஆழமாகப் போகிறதா, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டும் சரிவில் நகர்கிறதா? இவை டிரம்மின் பிறவிக் குறைகள் அல்ல, பராமரிப்பில் விட்ட குறைகள். எங்கள் வண்டியில் இடது பின் சக்கரத்து ஆயில் சீல் கசிந்து லைனிங் முழுக்க எண்ணெய். சீலும் இரண்டு பக்க ஷூவும் மாற்றியதோடு நோய் போயிற்று.

2. வீட்டிலேயே பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, அதன் பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை விடாதீர்கள். ஸ்டாண்டு கட்டாயம். டிரம்மைக் கழற்றியதும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே பிரேக் ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டர் கசிகிறது. லைனிங் 2 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் இனி காத்திருக்க வேண்டாம். டிரம் எவ்வளவு விட்டம் வரை தாங்கும் என்பதைப் பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருப்பார்கள். அந்த அளவைத் தாண்டியதைக் கடைசலுக்குக் கொடுப்பது வீண்.

3. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைப்பதே சரி.

4. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவுவது, தீயில் காட்டுவது எல்லாம் ஏமாற்று வேலை. சூடேறினால் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். ஒரு பக்கம் கெட்டாலும் இரு பக்கமும் மாற்றுங்கள்.

5. ஹேண்ட் பிரேக் தளர்ந்தால் உடனே கேபிளை முறுக்குவது பலரின் வழக்கம். அது தலைகீழ் வைத்தியம். முதலில் டிரம்முக்குள் இருக்கும் பல் சக்கரத்தைத் திருப்பி, ஷூ லேசாக உரசும் அளவுக்கு நெருக்குங்கள். கேபிளுக்கு அதன் பிறகுதான் வேலை.

6. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அதே கணக்கு 230-லிருந்து 155. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் பஞ்சுபோல் தரையைத் தொடும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மூடியில் என்ன எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், மற்றவற்றோடு சேராது. அவசரத்துக்கு என்று எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும், மொத்தத்தையும் மாற்ற வேண்டிவரும். ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

7. எந்த கியரில் மலை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இது பழைய டிரைவர்களின் பாடம். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், அதனால்தான் பெடல் இறங்கிக்கொண்டே போகிறது. டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து உருள விடுபவர்களுக்கு ஒன்று: பிரேக் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான் வரும்.

8. இத்தனைக்குப் பிறகும் டிஸ்க் ஆசை விடவில்லையா? இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. டிரம்மில், சுழலும் வேகத்திலேயே முன் ஷூ இழுபட்டு இன்னும் இறுகிக்கொள்ளும். காலின் பலத்தோடு சக்கரத்தின் பலமும் சேரும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. அழுத்தம் முழுவதும் ஆயிலிலிருந்தே வர வேண்டும். காலிப்பர் பிஸ்டன் பெரிது என்பதால் ஆயிலும் அதிகம் கேட்கும். டிரம்முக்கென்று வந்த மாஸ்டர் சிலிண்டர் அப்படியே ஒத்துப்போகும் என்று எண்ண வேண்டாம்.

9. பழைய வகை டிரம் அமைப்புகள் சிலவற்றில், வீல் சிலிண்டர் ரப்பர் ஒட்டி நிற்பதற்காகக் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் மாட்டினால், காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடாது. சக்கரம் சுடும், மைலேஜ் விழும், கடைசியில் புகை வரும். காரணம் தெரியாமல் பேடு மேல் பேடாக மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

10. எனக்குப் பெரிய பயம் இதில்தான். பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும், அதன் முனையில் ஒரு வால்வு. லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும், காலி வண்டியில் குறையும். அந்தக் கணக்கு கம்பெனி போட்ட பிரேக்குக்காகப் போட்ட கணக்கு. பிரேக்கை மட்டும் மாற்றினால், காலி வண்டியில், அதுவும் மழை ரோட்டில், முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். முன் சக்கரம் பூட்டினால் ஸ்டீயரிங் கேட்காது, ஆனால் வண்டி நேராகப் போகும். பின் சக்கரம் பூட்டினால் வண்டி சுழலும்.

11. ஹேண்ட் பிரேக் என்ன ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். சாதாரண காலிப்பரில் அதற்கு வழி இல்லை. லீவர் வைத்த காலிப்பரோ, டிஸ்க்கின் நடுவே சிறு டிரம் வைத்த அமைப்போ வேண்டும். “கியர்ல போட்டு நிறுத்திக்கலாம் சார்” என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

12. குட்டி யானையின் 12 அங்குலச் சக்கரத்துக்குள் பெரிய காலிப்பருக்கு இடமே கிடையாது. காலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டிவிடும் தவறும் நடக்கிறது. காற்று எடுக்கும் நிப்பிள் எப்போதும் மேலே இருக்க வேண்டும். கீழே வந்துவிட்டால் நாள் முழுக்க பெடலை மிதித்தாலும் காற்று வெளியேறாது.

13. மீன் வண்டி, உப்பு வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் சொட்டுவது பின் சக்கரங்கள் மேல்தான். டிஸ்க் திறந்த அமைப்பு, சீக்கிரம் துருப்பிடிக்கும்.

14. கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு இடம் தருவதில்லை. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி. பார்க்கும்போதும், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இந்தக் கேள்வி வரும். பழைய ஃபோர்டு பிக்கப்களுக்கு, 1995 முதல் 2001 வரையிலான எக்ஸ்ப்ளோரரின் டிஸ்க் வைத்த பின் அச்சையே கழற்றி மாட்டுவது அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு. அதைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து ரசியுங்கள், அத்தோடு விடுங்கள்.

15. பின்பக்க டிரம் என்றாலே மட்டம் என்று எண்ணுபவர்களுக்காக: டொயோட்டாவின் டகோமா பிக்கப் 2023 மாடல் வரை பின்னால் டிரம்மோடுதான் விற்பனையானது. ஃபோக்ஸ்வாகனின் ஐடி.4 மின்சாரக் காருக்கும் பின்னால் டிரம்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, பின் டிரம் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். வீல் சிலிண்டரில் கசிவு தெரிந்தால், சரிசெய்யும் வரை திங்கட்கிழமை லோடுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.