மழைக்காலச் சாலையும் மோட்டார் சைக்கிளின் டயரும்

நாட்டுப்புற வாழ்வில் முன்பு மாட்டு வண்டியும், பின்னர் மிதிவண்டியும் பெற்றிருந்த இடத்தை இன்று மோட்டார் சைக்கிள் பெற்றிருக்கின்றது. விடியற்காலையில் பால் கேன்களைக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ப்பதும், உர மூட்டையை வயலுக்குக் கொண்டு செல்வதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், நோயுற்ற முதியவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வதும் அதன்மேல்தான். ஆதலின், ஒரு குடியானவர் வண்டி சறுக்கி விழுந்து கால் முறிந்து படுப்பாராயின், துன்பம் அவர் ஒருவரோடு நிற்பதில்லை. வீட்டு வருவாயும் பருவத்து வேலையும் ஒருசேரத் தடைப்படுகின்றன.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். மொத்த இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நாட்டுப்புறப் பகுதிகளில் நேர்ந்தவை. நகரத்து நெரிசலில்தான் ஆபத்து என்று எண்ணியிருப்போர் இக்கணக்கை மனத்தில் கொள்ளல் வேண்டும்.

நம் மாநிலம் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெறுகின்றது. அம்மழைக்கு முன் வாய்க்காலைத் தூர் வாருகிறோம். மதகைப் பழுது பார்க்கிறோம். அவ்வாறே வண்டியின் டயரையும் ஊரின் சாலையையும் ஆயத்தம் செய்தல் இன்றியமையாதது. ஈரச் சாலையில் டயர் எவ்வாறு பிடிக்கின்றது, எதனால் அப்பிடிமானத்தை இழக்கின்றது, அதனைக் காக்க வண்டியோட்டுபவரும் ஊராட்சியும் செய்யத்தக்கன யாவை என்பவற்றை இங்கே காண்போம்.

உள்ளங்கை அளவு இடம்

மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு டயரும் எந்த நேரத்திலும் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு நம் உள்ளங்கை அளவே ஆகும். வண்டியும், ஓட்டுபவரும், பின்னால் இருப்பவரும், சுமையும் அவ்விரண்டு உள்ளங்கை அளவு ரப்பரையே நம்பியுள்ளனர்.

சாலையின் மேற்பரப்பு கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும், அதில் நுண்ணிய சல்லி முனைகள் எண்ணற்றவை உண்டு. மென்மையான ரப்பர் அம்முனைகளைச் சுற்றி அழுந்திப் பிடிக்கின்றது. இதனையே பிடிமானம் என்கிறோம். ரப்பருக்கும் சல்லிக்கும் இடையே நீர் புகுந்தால் இப்பிடி தளர்கின்றது. ஆகவே மழையில் டயருக்கு இரண்டு வேலைகள் சேர்கின்றன. முதலாவது, தன் கீழுள்ள நீரைப் பக்கவாட்டில் தள்ளுதல். இரண்டாவது, எஞ்சி நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழித்துச் சல்லியைத் தொடுதல். டயரில் நாம் ‘பட்டன்’ என்று வழங்கும் மேடுகளும் அவற்றிடையே உள்ள பள்ளக் கோடுகளும் அழகுக்காக அமைந்தவை அல்ல. அவை நீர் வெளியேறும் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்குவது போல, பட்டன் தேய்ந்தால் டயரின் கீழ் நீர் தேங்குகின்றது.

மொட்டை டயர் தார்ச் சாலையில் உலர்ந்த நாளில் குறையின்றி ஓடும். அதனால்தான் பலர் அதனை மாற்றாமல் காலங்கடத்துகின்றனர். அதன் குறை மழை பெய்த பின்னரே வெளிப்படும். அப்போது திருத்திக்கொள்ள நேரம் இராது.

ஆழ்ந்த நீரில் வேகமாகச் செல்லும் கார், நீரின்மேல் மிதந்து சாலைத் தொடர்பை இழப்பதுண்டு. மோட்டார் சைக்கிளின் டயர் ஒடுங்கியும் வளைந்தும் இருப்பதால் நீரை எளிதில் பிளக்கின்றது. ஊர்ச் சாலை வேகத்தில் அவ்வாறு மிதப்பது அரிது. எனவே நாம் பெரிதும் அஞ்ச வேண்டுவது மெல்லிய வழுக்குப் படலத்திற்கே. பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் தூறல், சாலையில் படிந்துள்ள எண்ணெய்க் கசிவோடும் புழுதியோடும் கலந்து பசைபோல் ஆகின்றது. நல்ல மழை சிறிது நேரம் அடித்துக் கழுவிய சாலையைவிடத் தூறலில் நனைந்த சாலை வழுக்குவது இதனால்தான்.

நிற்கும் தூரம்

நல்ல தார்ச் சாலையின் உராய்வு எண் உலர்ந்தபோது 0.8 என்றும், நனைந்தபோது அதில் பாதியாகிய 0.4 என்றும் கொண்டு கணக்கிடுவோம். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு விநாடி கழிகின்றது என்றும் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்த ஒரு விநாடியிலேயே 11 மீட்டர் கடந்துவிடும். பின்னர் உலர்ந்த சாலையில் 8 மீட்டரிலும், நனைந்த சாலையில் 16 மீட்டரிலும் நிற்கும். ஆக மொத்தத் தூரம் முறையே 19 மீட்டரும் 27 மீட்டரும் ஆகும்.

வேகம் 60 கிலோமீட்டர் ஆனால் உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 34 மீட்டரும், நனைந்த சாலையில் 52 மீட்டரும் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு உயர்ந்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரண்டே கால் மடங்கு உயரும் என்பது கணக்கு. மழையில் வேகத்தைக் குறைக்கச் சொல்வதன் காரணம் இதுவே. சாலையில் சேறு படிந்திருப்பின் இத்தூரம் இன்னும் மிகும்.

டயரைப் பேணுதல்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வண்டியின் டயர்க் கோடுகள் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழம் உடையனவாக இருத்தல் ஆகாது. கோடுகளின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் வைக்கப்பட்டிருக்கும். பட்டன் தேய்ந்து அம்மேடுகளின் மட்டத்திற்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அறிதல் வேண்டும். சட்டம் கூறுவது கடைசி எல்லையாகும். மழைக்கு முன்பே, 2 மில்லிமீட்டர் அளவில் மாற்றிவிடுதல் அறிவுடைமை. தேய்ந்த டயரில் கத்தியால் புதிய கோடு வெட்டிக்கொள்வது பெருந்தீங்கு. அது டயரின் உள் இழைகளை அறுத்து, ஓடும்போதே வெடிக்கச் செய்யக்கூடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2322 என்றிருப்பின், 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பட்டன் நன்றாக இருந்தும் பல ஆண்டுகள் பழகிய ரப்பர் கெட்டிப்பட்டு, சல்லியைச் சுற்றி அழுந்தும் மென்மையை இழந்துவிடும். புதிய டயருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்குமாதலால், முதல் 100 அல்லது 150 கிலோமீட்டர் வரை வளைவுகளில் நிதானம் வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்பர். சேற்று வயலில் உழும் டிராக்டருக்கு இது பொருந்தும்; தார்ச் சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தாது. காற்றுக் குறைந்தால் டயர் நசுங்கி, நீர் போகும் கோடுகள் ஒடுங்குகின்றன. திருப்பும்போது வண்டியும் தள்ளாடுகின்றது. காற்று மிகுந்தாலோ சாலையைத் தொடும் பரப்பு சுருங்குகின்றது. செய்தவர் குறித்த அளவே சரியானது. சிறு வண்டிகள் பலவற்றில் ஒருவர் செல்லும்போது முன் டயருக்கு 25, பின் டயருக்கு 28 பவுண்டு என்ற அளவு வழங்குகின்றது. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதலாக வேண்டும். அவரவர் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்க. வாரம் ஒரு முறை, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளத்தல் போதுமானது.

ஓட்டும் முறை

மழையில் வரப்பின்மேல் நடக்கும் உழவர் எவ்வாறு நடக்கிறார் என்பதை நினைவுகூர்வோம். அவர் விரல்களை ஊன்றி, அடியைச் சுருக்கி, திடீரென்று திரும்பாமல் நடக்கிறார். ஈரச் சாலையில் வண்டியோட்டும் கலையும் இதுவேயாகும்.

டயரின் பிடிமானம் ஒரு மடையில் வரும் நீரைப் போன்றது. அதனை ஒரு வாய்க்காலுக்குத் திருப்பினால் மற்றதற்குக் குறையும். வளைவில் திரும்பும்போதே பிரேக்கும் பிடித்தால், இருக்கும் பிடிமானம் இரண்டிற்கும் போதாமல் டயர் சறுக்கிவிடும். ஆகவே நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பின்னர் வளைவில் நுழைதல் வேண்டும்.

முன் பிரேக்கைத் தொட்டால் விழுந்துவிடுவோம் என்று அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் மிதிப்போர் பலர். பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்திற்கு மாறுகின்றது. பின் சக்கரம் இலேசாகி எளிதில் பூட்டிக்கொண்டு சறுக்குகின்றது. ஆதலின் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, மெல்லத் தொடங்கிச் சிறிது சிறிதாக அழுத்துவதே முறை. கிளட்சை முன்னதாகவே பிடிக்காமல் இருந்தால் எஞ்சினும் வேகத்தைக் குறைக்க உதவும். தேங்கிய நீரைக் கடந்தபின் பிரேக் நனைந்திருக்கும். மெல்லப் பிடித்துக்கொண்டே சிறிது தூரம் சென்று அதனை உலர்த்திக்கொள்க.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்டவற்றில் இரு பிரேக்குகளையும் இணைக்கும் அமைப்போ ஏ.பி.எஸ்.ஸோ இருத்தல் கட்டாயமாயிற்று. இவை பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் மொட்டை டயருக்கு இல்லாத பிடிமானத்தை இவற்றால் உண்டாக்க இயலாது.

வேகத்தடையின் வண்ணக் கோடுகள், பாலத்தின் இரும்புத் தகடுகள், ரயில்வே கேட்டின் தண்டவாளங்கள் ஆகியவை நனைந்தால் மிகவும் வழுக்கும். இவற்றைச் சாய்வாகக் கடவாமல் நேர்குறுக்காக, பிரேக் பிடிக்காமல் கடத்தல் வேண்டும். பின்புறம் மூட்டையை உயர அடுக்கினால் முன் டயரின்மீது எடை குறைந்து, திருப்புவது கடினமாகும். சுமையைத் தாழ்வாகவும் இருபுறமும் சமமாகவும் கட்டுக.

ஊராட்சியின் பங்கு

வண்டியோட்டுபவர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், சாலை சரியாக இல்லையெனில் பயன் குறையும். ஊராட்சிச் சாலைகளைப் பேணுவது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிக்கு வகுத்துள்ள கடமைகளில் ஒன்று.

முதலாவது, நீர் வடிதல். 3.75 மீட்டர் அகலமுள்ள தார்ச் சாலையின் நடுப்பகுதி ஓரத்தைவிட 5 அல்லது 6 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் நீர் இருபுறமும் வழிந்துவிடும். பல ஊர்களில் இவ்வுயரம் சரியாக இருந்தும், ஓரத்து மண் புல் வளர்ந்து சாலையைவிட உயர்ந்து, நீரைத் தடுத்து நிற்கின்றது. அம்மண்ணைச் செதுக்கி நீருக்கு வழி விடுவது சில ஆட்கள் சில நாட்களில் செய்துவிடக்கூடிய வேலை. சிமெண்ட் சாலை போடும்போது, கலவை இறுகுமுன் துடைப்பத்தால் குறுக்குக் கோடுகள் இழுக்கப்படுகின்றனவா என்று உறுப்பினர்கள் நேரில் பார்த்தல் வேண்டும். வழுவழுப்பாகப் பூசிய சாலை பார்வைக்கு அழகாயினும் மழையில் பாசி படிந்த படித்துறையாகிவிடும்.

இரண்டாவது, சேறு. நடவுக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டர் களிமண்ணைச் சாலைமீது இறைத்துச் செல்கின்றது. கேஜ் வீலுடன் சாலையில் ஓட்டுவதால் தாரும் பெயர்கின்றது. கேஜ் வீலைக் கழற்றிய பின்னரே சாலையேறுதல், விழுந்த மண்ணை அன்றே மண்வெட்டியால் வழித்துவிடுதல் என்ற இரண்டையும் ஊர்க் கட்டுப்பாடாகக் கொள்ளலாம். குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளங்களை வெறும் களிமண்ணால் மூடிவிட்டுச் செல்லவும் இடந்தரலாகாது.

மூன்றாவது, சாலையில் நெல் காய வைத்தல். காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடையும் பருவமழையின் தொடக்கமும் ஒன்றையொன்று தொட்டு வருகின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம் என்ற வரம்பு இருப்பதால், விவசாயிகள் நெல்லைச் சாலையில் பரப்ப நேர்கின்றது. அவர்கள் இடரை நாம் அறியாதவர் அல்லேம். ஆயினும் நனைந்த நெல்லும் வைக்கோலும் டயருக்கு அடியில் உருளையாகவும் பசையாகவும் மாறுகின்றன. நெல்லைச் சுற்றி வைத்த கற்கள் இருளில் தெரிவதில்லை. ஆகவே வெறுமனே தடை செய்வதால் பயனில்லை. உலர்களம் இல்லாத ஊரில் அதனைக் கேட்டுப் பெறுவதும், இருக்கும் உலர்களத்தை அறுவடைக்கு முன் பழுது பார்ப்பதும், முறை வைத்துப் பலருக்கும் பயன்படச் செய்வதும் ஊராட்சியின் வேலையாகும். அதுவரை, வளைவுகளிலும் பாலங்களிலுமாவது நெல் பரப்பாமலும், மாலையில் கற்களை அகற்றியும் உதவ வேண்டுகிறோம்.

அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபை, பருவமழைக்குச் சற்று முன்னதாக அமைவது நல்வாய்ப்பு. அதற்கு முன் ஒரு நாள், மழை பெய்து ஓய்ந்த வேளையில், உறுப்பினர்கள் தங்கள் ஊர்ச் சாலையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்து, நீர் தேங்கும் இடங்களையும், சேறு படியும் வயல் வழிகளையும், வழுக்கும் வளைவுகளையும் குறித்து வருவார்களாக. அக்குறிப்பைச் சபையில் வைத்தால், எதனை ஊரார் கூடிச் செய்யலாம், எதற்கு ஒன்றியத்தை நாடவேண்டும் என்பது அன்றே விளங்கிவிடும். அதே நாளில் ஒவ்வொருவரும் தம் வண்டியின் முன் டயரையும் பின் டயரையும் குனிந்து பார்த்து, தேய்ந்திருப்பின் மழைக்கு முன் மாற்றிக்கொள்வாராயின், இப்பாடம் தன் பயனை அடைந்ததாகும்.