மனச்சான்று

பிறர் காண நன்மை செய்தல் எளிது. பிறர் காணாதபோதும் தீமை செய்யாதிருத்தல் அரிது. சூழ்ந்திருப்போர் எல்லாரும் கூடித் தீமையை ஏவும்போது, தனித்து நின்று மறுத்தல் அதனினும் அரிது. அவ்வாறு மறுக்கும் ஆற்றலை மாந்தர்க்கு அளிப்பது மனச்சான்றே ஆகும்.

கிரேக்க நாட்டு ஆதென்சு நகரில் வாழ்ந்த அறிஞர் சாக்கிரட்டீசர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாவார். கி.மு. 406ஆம் ஆண்டில் அந்நகரத்தார் அர்கினூசே என்னுமிடத்தில் நிகழ்ந்த கடற்போரில் வென்றனர். ஆயினும், கலம் உடைந்து கடலில் தத்தளித்த தம் வீரரைப் படைத்தலைவர்கள் புயலின் காரணமாக மீட்க இயலவில்லை. சினங்கொண்ட மக்கள், அத்தலைவர்களைத் தனித்தனியே விசாரியாமல் ஒருங்கே தண்டிக்க வேண்டுமென மன்றில் ஆரவாரித்தனர். அது சட்டத்திற்கு மாறானது. அன்று மன்றினை நடத்தும் பொறுப்புடைய குழுவினருள் சாக்கிரட்டீசரும் ஒருவர். ஏனையோர் மக்களின் சினத்திற்கு அஞ்சி இசைந்தனர். அவர் ஒருவரே இசையாது நின்றார். முடிவில் தலைவர் அறுவர் கொல்லப்பட்டனர். பின்னர் அந்நகரத்தார் தம் செயலுக்கு வருந்தினர். ஆயினும் சென்ற உயிர்கள் மீளவில்லை.

கி.மு. 404இல் ஆட்சி கொடுங்கோலர் முப்பதின்மர் கையில் சிக்கியது. அவர்கள் சாக்கிரட்டீசரையும் வேறு நால்வரையும் அழைத்து, சலாமிசுத் தீவிலிருந்த லியோன் என்பவரைக் கொலை செய்வதற்காகப் பிடித்து வருமாறு ஆணையிட்டனர். லியோன் குற்றமற்றவர். நால்வர் தீவிற்குச் சென்றனர். சாக்கிரட்டீசர் தம் வீட்டிற்குச் சென்றார். அவ்வாட்சி விரைவில் வீழ்ந்திராவிடின் அவர் உயிர் பிழைத்திருத்தல் அரிது.

'ஏவியவர் பிறர்; செய்வோர் ஐவர்; ஆதலின் என் பழி சிறிதே' என்று அவர் எண்ணினாரல்லர். பலர் கூடிச் செய்யும் தீமையில் பழி பங்கிடப்படுவதில்லை. அது ஒவ்வொருவரையும் முழுமையாகவே வந்து சேரும்.

தவறு செய்யப் புகும்போது தம்முள் ஒரு குரல் எழுந்து தடுக்கும் என்று சாக்கிரட்டீசர் கூறுவார். எனினும், அவர் அக்குரலோடு அமையாமல், எது நீதி என்பதை நாள்தோறும் ஆராய்ந்து வந்தார். தன் விருப்பத்தையே மனச்சான்று என மயங்குதல் கூடாது. விருப்பம் தன் நலத்தைத் தேடும். மனச்சான்றோ தனக்கு இழப்பு வரினும் பிறர்க்குரிய நீதியைத் தேடும்.

மாணவர்க்கும் இத்தகைய சோதனை உண்டு. தோழர் பலர் கூடி எளியான் ஒருவனை எள்ளி நகையாடுங்கால், 'எல்லாரும் நகைத்தனர். நானும் நகைத்தேன்' என்பது விடையாகாது. அவ்வேளையில் அவன் பக்கம் நிற்பவனே அறத்தைக் கற்றவன் ஆவான்.