காரணம் தெரிந்த பிறகே கத்தி

மைசூரில் யாரைப் பார்த்தாலும் முதல் விசாரிப்பு "ஊட்டா ஆய்த்தா?" என்பதுதான். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார்கள். 2016-இல் இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட புதிதில், அரை இட்லி உள்ளே போனதும் "ஆய்த்து" என்று நிறைந்த வயிறோடு பதில் சொல்வேன். 118 கிலோவாக இருந்தவள் பதினைந்து மாதத்தில் 76-க்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. சாமுண்டி மலைப் படிகளை நின்று நின்றாவது ஏறி முடித்தேன்.

2023 கோடையில் அதே தராசு 104 காட்டியது. என் உயரம் 158 செ.மீ.; பி.எம்.ஐ. 41-க்கு மேல். சர்க்கரை மாத்திரையும் முழங்கால் வலியும் திரும்பி வந்தன. அவற்றைவிட என்னை முடக்கியது வெட்கம். "இவ்வளவு செலவு செய்தும் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லையே" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே ஐந்து ஆண்டுகள் எடைக்காக எந்த மருத்துவரிடமும் போகவில்லை. குறைந்த எடையிலிருந்து ஐந்து கிலோ ஏறியபோதே போயிருந்தால், உணவுமுறையைத் திருத்தியே சமாளித்திருக்க வாய்ப்பு உண்டு. 28 கிலோ ஏறிய பிறகு அந்த வழி குறுகிவிட்டது.

ஏன் ஏறியது என்று முதலில் கேளுங்கள்

நான் முதலில் பார்த்த மருத்துவர், பழைய காகிதங்களைப் புரட்டிப் பத்து நிமிடத்தில் ஆபரேஷனுக்குத் தேதி சொன்னார். எண்டோஸ்கோபி பற்றிப் பேச்சே இல்லை. மனம் ஒப்பவில்லை, வெளியே வந்துவிட்டேன். இரண்டாவதாகப் பார்த்தவர் சொன்னார்: "அம்மா, முதல்ல உள்ளே என்ன இருக்குன்னு பார்ப்போம். தேதியை அப்புறம் பேசலாம்." அவரிடமே தங்கினேன்.

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை ஒரு முட்டை அளவுக்கு, சுமார் 30 மி.லி. பிடிக்கும் பையாகப் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதனுடன் இணைக்கிறார்கள். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1960-களில் தொடங்கி வைத்த முறை, பல மாற்றங்களோடு இன்று இப்படி நடக்கிறது. பை சிறியது என்பதால் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைகிறது. இணைப்பு வாய் குறுகலானது என்பதால் உணவு மெல்ல இறங்குகிறது. ஆண்டுகள் போகப் போக, பை விரியலாம். இணைப்பு வாய் அகலலாம். பைக்கும் ஒதுக்கிவிட்ட பழைய இரைப்பைக்கும் நடுவே வழி திறந்துகொள்ளலாம். தைராய்டு குறைவு, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் எடையை ஏற்றும். இவற்றில் எது நம்முடையது என்று தெரியாமல் செய்யும் ஆபரேஷன் இருட்டில் எறியும் கல்.

எனக்கு பேரியம் கரைசலைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே திரையில் காட்டினார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற அந்த வெள்ளை, பையில் ஒரு கணம்கூடத் தங்காமல் குழாயில் விட்டதுபோல் குடலுக்குள் இறங்கியது. எண்டோஸ்கோபியில் இணைப்பு வாய் கிட்டத்தட்ட 3 செ.மீ. அகன்றிருந்தது. முதல் ஆபரேஷன் குறிப்பில் அது ஒன்றரை செ.மீ. அத்தனை ஆண்டுகளாக என் மனவலிமையை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்தத் திரையைப் பார்த்து அழுதேன்.

பாதிக் காரணம் என் கையில் இருந்தது

உணவியல் நிபுணர் ஏழு நாள் வாயில் போட்ட ஒவ்வொன்றையும் எழுதி வரச் சொன்னார். மூன்று வேளைச் சாப்பாடு கொஞ்சமாகத்தான் இருந்தது. நடுவில் இரண்டு கொடுபளே, ஒரு நிப்பட்டு, காபியில் தோய்த்த பிஸ்கட், சர்க்கரை போட்ட காபி ஐந்து முறை. மொறுமொறுப்பானது கரைந்து வழுக்கி இறங்கிவிடும். பை நிறைந்த உணர்வே வராது. நாள் முழுக்கக் கொறித்தே எடை ஏற்றியிருக்கிறேன்.

முதல் ஆண்டில் ஒரு துண்டு மைசூர்பாகு தின்றாலே நெஞ்சு படபடத்து, வியர்த்து, படுத்துவிடுவேன். டம்பிங் என்கிறார்கள். அந்தத் தொந்தரவு மெல்லக் குறைந்தது. என் காவலும் அதோடு போய்விட்டது. உடம்பு தரும் எச்சரிக்கையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஏழு நாள் எழுதிப் பாருங்கள். எழுதும்போது கை தயங்கும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

ரத்தப் பரிசோதனையும் முடிவைத் தீர்மானிக்கும்

விட்டமின் மாத்திரைகளை நான் நிறுத்தி அப்போது மூன்று ஆண்டுகள். ஹீமோகுளோபின் 9. பி12, இரும்பு, விட்டமின் டி எல்லாமே குறைவு. எனக்கு முன் நான்கு வழிகள் இருந்தன: எண்டோஸ்கோபி மூலமாகவே இணைப்பு வாயைத் தைத்துக் குறுக்குவது, பையைச் சுற்றி வளையம் போடுவது, குடலின் பைபாஸ் நீளத்தைக் கூட்டுவது, பையைச் சீர்செய்து இணைப்பை மறுபடி செய்வது. குடல் நீளத்தைக் கூட்டினால் எடை அதிகம் இறங்கும்; புரதமும் சத்துகளும் சேர்வது இன்னும் குறையும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள எனக்கு அது வேண்டாம் என்றார் மருத்துவர். நான்காவது வழியைத் தேர்ந்தோம். அதற்கு முன் நான்கு மாதம் சத்துக்குறைவைச் சரிசெய்து, கொறிப்பதை நிறுத்தப் பழகினேன்.

மருத்துவமனைக்குப் போகும் முன்

முதல் ஆபரேஷனின் முழுக் குறிப்பை வாங்கி வையுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம் போதாது. குடலை எத்தனை செ.மீ. விட்டு இணைத்தார்கள் என்பது முழுக் குறிப்பில்தான் இருக்கும். "இப்படி மறு ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள்? கசிவு வந்தால் எப்படிக் கையாள்வீர்கள்?" என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸில் பி.எம்.ஐ. 40-க்குக் குறையாமலோ, கட்டுப்படாத சர்க்கரை, கடும் தூக்க மூச்சுத்திணறல் போன்ற நோயோடு 35-க்குக் குறையாமலோ இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. பாலிசியைப் படித்து, முன் அனுமதியை எழுத்தில் பெறுங்கள்.

2024 பிப்ரவரியில் ஆபரேஷன் நடந்தது. பழைய தையல்களைச் சுற்றி உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்ததால் நான்கு மணி நேரம் ஆனது. மறு ஆபரேஷனில் கசிவு அபாயம் முதல் தடவையைவிட அதிகம். வீடு திரும்பிய பின் நாடி வேகமாக அடித்தாலோ, காய்ச்சல், மூச்சிரைப்பு, இடது தோள் வலி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போக வேண்டும். என் கணவர் இவற்றை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார்.

இப்போது

ஓராண்டில் 84 கிலோ. முதல் தடவைபோல 76-ஐத் தொடவில்லை. மறு ஆபரேஷனில் இறக்கம் குறைவாகவே இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் மனம் உடையவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தினம் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம். முட்டை, பனீர், சுண்டல் முதலில், சோறு கடைசியில். சாப்பிட்ட அரை மணி கழித்தே தண்ணீர். விட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுவதும். இணைப்பில் புண் வரக்கூடும் என்பதால் மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்குவதில்லை. காலையில் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடை.

இன்று எடை ஏறியவர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. எடைக் குறைப்பு ஊசிகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. கத்திக்கு முன் இந்த ஊசிகள் தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

தராசில் ஏறவே பயந்து எங்கோ ஒருவர் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பார். அவருக்குச் சொல்கிறேன்: உடல் பருமன் திரும்பத் திரும்ப வரும் நோய். திரும்பி வந்த காய்ச்சலுக்கு வெட்கப்பட்டு யாரும் வீட்டிலேயே கிடப்பதில்லை. இந்த வாரமே போய் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.